புதுப்பிப்பு: அம்மா சென்னைக்கு வரவில்லை
மாட்டுப்பொங்கலன்று எழுதியிருந்தேன் இல்லையா, மார்கழி முழுக்கப் பனியில் கோலம் போட்டு இருமிக்கொண்டிருக்கும் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப் போகப் போகிறேன் என்று. நடக்கவில்லை. காணும் பொங்கல் முடிந்து தங்கை குடும்பம் கிளம்பியதும் வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது, சரி இப்போது கேட்கலாம் என்று இருந்தால் அன்று இரவே மாடு கன்று போட்டுவிட்டது. அப்புறம் எங்கே கேட்பது! விடியற்காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்துக்கொண்டிருந்தார். களத்தில் சம்பா நெல் வேறு கிடக்கிறது. பனி இறங்குமுன் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் ஏறியதும் பிரித்துக் கிளற வேண்டும், விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இருமலுக்கு டாக்டரிடம் காட்டியாயிற்று, நெஞ்சில் சளி இல்லையாம். நான்தான் நாலு நாள் லீவை நீட்டியிருக்கிறேன்.