துளசி மாடத்தில் பீய்ச்சும் கடுவன் பூனை: என்ன செய்யலாம்?

கேள்வி (புதுவண்ணாரப்பேட்டை):
வாசலுக்கும் தெருவுக்கும் இடையே சிறிய இடம். துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, சில கத்தரித் தொட்டிகள். விடிவதற்குள் ஒரு கடுவன் வந்துவிடுகிறது. பெரிய தலை, கிழிந்த காது. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டு, பீய்ச்சிவிட்டுப் போகிறது. துளசி மாடமும் தப்பவில்லை. பினாயில் ஊற்றிக் கழுவினால், காய்ந்ததும் மறுபடி அதே இடம். மாமியார் துளசியைத் தொடவே மறுக்கிறார். அந்துருண்டை போடலாமா?

பதில் (தண்டையார்பேட்டை):
இதற்கு இவ்வளவு யோசனையா? சாக்கில் பிடித்து எண்ணூர்ப் பக்கம் விட்டுவிடுங்கள்.

பதில் (திருவொற்றியூர்):
சாக்கு யோசனை வேண்டாம். பூனையைத் துன்புறுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது போனாலும் காலியான இடத்துக்கு அடுத்த கடுவன் வந்து கையெழுத்துப் போடும்.

அந்துருண்டையும் கூடாது, பூனைக்கும் குழந்தைக்கும் நஞ்சு. பினாயிலும் அப்படித்தான். காலில் ஒட்டியதைப் பூனை நக்கும்; அதன் கல்லீரலால் அந்த ரசாயனத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது.

நீங்கள் சொல்வது சிறுநீர் கழிப்பது அல்ல, எல்லை குறிப்பது. கழிப்பதென்றால் மண்ணைத் தோண்டி உட்காரும். இது நின்றபடி, மூக்கு உயரத்தில் சுவரில் அடிக்கிறது. காயடிக்காத கடுவனின் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் அதிகம். அதில் கந்தகம் உண்டு. அது சிதையச் சிதைய நாற்றம் கூடும். பூசாத சிமெண்ட் அதை உறிஞ்சிக்கொள்ளும். பினாயில் வாசனை நம் மூக்கை ஏமாற்றும், பூனையின் மூக்கை ஏமாற்றாது. குறி மங்கியது என்று தெரிந்தால் புதுப்பிக்க வந்துவிடும்.

செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் (நாற்றப் பொருளையே சிதைக்கும் நொதி கலந்த திரவம்) கிடைக்கும். முதலில் வெறும் தண்ணீரால் சுவரைக் கழுவி, கிளீனரைத் தாராளமாக ஊற்றி, ஊறவிட்டு, தானாக உலர விடுங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு வரும். நனைந்த துளசிக் கிளைகளை வெட்டிவிடுங்கள், புதுத் தளிர் வரும்.

ஒரு கேள்வி: கத்தரிக்கு மீன் அமிலம் (மீன் கழிவை ஊறவைத்துச் செய்யும் உரம்) ஊற்றுகிறீர்களா?

கேட்டவர்:
ஆமாம். காசிமேட்டில் மீன் விற்கும் பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கும் கழிவில், வெல்லம் சேர்த்து நாங்களே செய்கிறோம். பூனைக்குச் சோறு போடுவதும் அவர்தான். கேட்டால் "அது என் பூனை இல்லை" என்கிறார்.

பதில் (திருவொற்றியூர்):
பீய்ச்சுவதற்கு மீன் அமிலம் காரணம் இல்லை, வந்து போவதற்குக் காரணம். இலையில் தெளிக்காமல் வேரடியில் குழி பறித்து ஊற்றி மூடுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பெரும்பாலும் குறி வைக்காது. அக்கா தட்டை அந்தச் சுவரடியிலேயே வைத்துப் பார்க்கலாம்.

கேட்டவர்:
துளசி மாடத்தடியில் மீன் தலையா! மாமியார் காதில் விழுந்தால் எல்லை குறிக்கப்போவது அவர்தான். வேறு வழி சொல்லுங்கள்.

பதில் (வியாசர்பாடி):
காயடிப்பதுதான் வழி, அக்கா. பெரும்பாலான கடுவன்கள் அதற்குப் பின் பீய்ச்சுவதை விட்டுவிடும். ஆனால் ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும். மறுநாளே நிற்கவில்லை என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நமக்குப் பக்கத்திலேயே வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் போய் நாள் கேட்டு வாருங்கள்.

பூனையைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு அக்காவால்தான் முடியும். "உங்கள் பூனை" என்று ஆரம்பிக்காதீர்கள். சண்டை போட்டுக் காது கிழிந்து வருகிறதே, காயடித்தால் அதுவும் குறையுமாம் என்று பேச்சை எடுங்கள்.

கேட்டவர்:
பேசினேன். "ஆஸ்பத்திரிக்கா? நானே தூக்கி வருகிறேன்" என்கிறார். மீன் கூடையில் போட்டு மூடி, ஆட்டோவில் கொண்டுபோகலாமா?

பதில் (வியாசர்பாடி):
கூடை வேண்டாம், மூடியைத் தள்ளிக்கொண்டு குதித்துவிடும். கதவு பூட்டும் கூண்டு ஒன்றை இரவல் வாங்கி, மேலே துணி போர்த்துங்கள். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதை அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாவம் என்று காலையில் ஒரு மத்தி போட்டுவிடுவார்.