பேனாவால் இயங்கும் கையடக்கக் கணினிக்கு இடைமுகம் வடிவமைக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நின்றுகொண்டே விவரங்களைச் சேகரிக்கும் களப்பணியாளர்களுக்காக, பேனா முனையால் இயக்கப்படும் கையடக்கக் கணினியில் படிவச் செயலி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டலை நாடுகிறேன்.

மேசைக் கணினியின் பழக்கங்கள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. சுட்டியைப் பொத்தானின் மேல் நிறுத்தினால் விளக்கம் தோன்றும் வசதி, அழுத்தத்தை மட்டுமே உணரும் திரையில் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், எழுதும் கையே திரையை மறைப்பதுதான்: மேலிருந்து கீழே விரியும் பட்டியலின் பாதி உள்ளங்கைக்கு அடியில் போய்விடுகிறது. 1996இல் வெளிவந்த பாம் நிறுவனத்தின் பைலட் என்ற கையடக்கக் கணினி, 160க்கு 160 புள்ளிகள் கொண்ட சிறு திரையின் கீழ்விளிம்பில் கட்டளைப் பொத்தான்களை வைத்து இதை எளிதாகத் தீர்த்தது. எழுதுவதற்குத் திரைக்குக் கீழே தனிப்பகுதியையும் அது ஒதுக்கியது. 1993இல் வந்த ஆப்பிள் நியூட்டன் என்ற கையடக்கக் கணினியிலோ திரையின் மீதே நேரடியாக எழுத முடிந்தது.

என் முதன்மையான ஐயம் இதுவே. கட்டத்துக்குள் நேரடியாக எழுதவிட்டால் ஒவ்வொரு கட்டமும் பெரிதாகி, படிவம் பல பக்கங்களுக்கு நீள்கிறது. தனிப்பகுதி வைத்தாலோ கண் இரண்டு இடங்களுக்கிடையே அலைய நேர்கிறது. கூடுமானவரை எழுத்தைத் தவிர்த்து, தட்டித் தேர்ந்தெடுக்கச் செய்வதே நல்லது என்று கருதுகிறேன். ஆயினும் பெயர், குறிப்பு போன்றவற்றை எழுதித்தானே ஆகவேண்டும்? அவற்றுக்கு எம்முறை நடைமுறையில் பிழை குறைவாக இருந்தது?

இடக்கைப் பழக்கமுள்ளோருக்காக உருள்பட்டையை இடப்புறம் மாற்றும் அமைப்பு பயன்பட்டதா என்பதையும், நடந்துகொண்டே தட்டுவதற்குப் பொத்தானின் அளவு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதையும் தெரிவித்தால் மிக உதவியாக இருக்கும்.