புதுப்பிப்பு: விர்டஸ் ஜிடிக்கு டயர் மாற்றியாச்சு

போன மாதம், என் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி காருக்கு அகலமான டயர் போடலாமா என்று கேட்டிருந்தேன். வேண்டாமென்று முடிவு செய்து, பழைய 205/55 ஆர்16 அளவிலேயே நான்கையும் மாற்றிவிட்டேன்.

காட்பாடியில் ஒரு கடையில் முதலில் எடுத்துவைத்த டயரின் பக்கவாட்டில் 1122 என்றிருந்தது. அதாவது 2022-இன் 11-வது வாரத் தயாரிப்பு! நல்லவேளை, பார்த்தேன். வேறு கடையில் புதிதாகவே கிடைத்தது. அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) அங்கேயே சரிசெய்தார்கள். பழைய முன் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்ந்ததற்கு அலைன்மென்ட் விலகியிருந்ததுதான் காரணமாம்.

அப்புறம், காற்றழுத்தம். வேலூர் வெயிலில் இதைக் கவனிக்காமல் விடவே கூடாது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்கிறேன். ஆம்பூர் வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் 3, 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடுதலாகக் காட்டுகிறது. சூட்டில் ஏறிய அழுத்தம் அது, தயவுசெய்து இறக்கிவிடாதீர்கள். டயர் ஆறியதும் தேவையைவிடக் குறைந்துபோகும்.