கோட்டையில் இருந்த அதிகாரி மனைவிக்கு என்ன குறை?

கரிசல்காடு: 1870களில் அமெரிக்க மேற்கு எல்லைக் கோட்டைகளில் இருந்த அதிகாரி மனைவிகள் வேலைக்காரி, குதிரைச் சவாரி, நடன விருந்து என்று ராணி மாதிரி வாழ்ந்தார்களாம். நெட்டைக்கொக்கு எழுதியிருக்கிறார், படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ராணுவ விதிகளில் அவர்களுக்கு இடமே கிடையாது ஐயா. கம்பெனி என்கிற சிறு படைப்பிரிவு ஒன்றுக்கு நான்கு சலவைக்காரிகள் வரை வைத்துக்கொள்ள 1802லேயே சட்டம் உண்டு, ஆளுக்கு ஒரு ரேஷனும் உண்டு. அதிகாரி மனைவிக்கு ஒரு பிடி மாவு கிடையாது.

நெட்டைக்கொக்கு: பட்டினியா கிடந்தார்கள்? கணவர் சம்பளத்தில் வாங்கிச் சாப்பிட்டார்கள். சலவைக்காரி சிப்பாய்களின் அழுக்கைத் துவைத்தாள், ரேஷன் வாங்கினாள். குதிரைப்படை அதிகாரி கஸ்டர் வீட்டில் சமைத்துப் போட்டவர் எலைசா, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பினப் பெண். அவருக்காக வருத்தப்பட இங்கே ஆளில்லை.

கரிசல்காடு: ரேஷன் உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்கள். வீடாவது நிலையா? கணவரைவிடப் பதவியில் பெரியவர் மாற்றலாகி வந்தால் காலி செய்து கொடுக்க வேண்டும், இவர் போய் அடுத்தவரைக் கிளப்ப, அவர் அதற்கடுத்தவரைக் கிளப்ப, வரிசையாக எல்லார் வீட்டுச் சட்டிபானையும் வெளியே வரும். அதிகாரி மனைவி மார்த்தா சம்மர்ஹேஸ் 1874இல் அரிசோனா போனவர், அடுத்த ஆண்டே அப்பாச்சி கோட்டையில் பிள்ளை பெற்றார். பார்க்க வந்த அப்பாச்சிப் பழங்குடிப் பெண்கள் மான்குட்டித் தோல் போர்த்தி நீலமணி தைத்த தொட்டில் ஒன்றைக் கொடுத்தார்கள். ராணுவம் என்ன கொடுத்தது?

மழைத்துளி: அந்தப் பெண்களின் மண்ணில்தானே கோட்டையே நின்றது! 1868 ஒப்பந்தத்தில் லகோட்டாப் பழங்குடியினருக்கு எழுதிக்கொடுத்த கருங்குன்றுகளுக்குள் (பிளாக் ஹில்ஸ்) 1874இல் படையோடு நுழைந்தவர் கஸ்டர். மனைவி லிபி 1933இல் சாகும்வரை அவர் புகழைத்தான் பாடினார்.

கரிசல்காடு: மழைத்துளி, ரயில்பாதை பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசைதிருப்பினீர்கள். நிலத்தைப் பிடுங்கியதை யார் மறுத்தது? 1876 ஜூலை 6 காலை லிங்கன் கோட்டையில் கணவர் லகோட்டாக்களோடு நடந்த போரில் செத்த செய்தி வந்த கையோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு மற்ற வீடுகளுக்கும் சொல்லப் போனவர் லிபி. அரசு கொடுத்த ஓய்வூதியம் மாதம் 30 டாலர். இதுதான் ராணி வாழ்க்கையா?

நெட்டைக்கொக்கு: சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு 8 டாலர். அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவீர்களே!

மழைத்துளி: ரயில்பாதை இழையில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று ஊருக்கே தெரியும்.

கரிசல்காடு: நான் எங்கும் ஓடவில்லை, அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். நெட்டைக்கொக்கு, எட்டு முப்பது கணக்கெல்லாம் அப்புறம். சலவைக்காரிக்கு ரேஷன் உண்டு, அதிகாரி மனைவிக்கு இல்லை. இதை மறுக்க ஒரே ஒரு விதியைக் காட்டுங்கள், பார்ப்போம்.

நெட்டைக்கொக்கு: 1878இல் சலவைக்காரி ஏற்பாட்டையே நிறுத்தச் சட்டம் போட்டார்கள். அவளுக்கும் இல்லை என்று ஆனது. இப்போது திருப்தியா?

கரிசல்காடு: 1878க்கு முன்னால் உண்டா, இல்லையா?