பிடிக்குள் போகும் எஃகுக்கு என்ன பெயர்?

(சிங்கப்பூர்த் தமிழர்களின் சொல் உரையாடல். எழுதுபவர்கள் தங்கள் வட்டாரப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

உட்லண்ட்ஸிலிருந்து:
வணக்கம். வேட்டைக் கத்தியைக் கையாலேயே செய்யும் அமெரிக்கர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழில் துணையுரை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். அலகு, முனை, உறை எல்லாம் கடந்துவிட்டேன். அலகின் எஃகு பிடிக்குள்ளும் நீண்டு போகிறதே, அதை அவர் 'டேங்' என்கிறார். இந்தக் கத்தியில் அது பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் இருக்கிறது. இரு பக்கமும் மரச்சில்லு வைத்து, பித்தளை ஆணியால் தறைந்துவிடுகிறார். 'பிடிக்குள் செல்லும் எஃகுப் பகுதி' என்று எழுதினால் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

ஈசூனிலிருந்து:
தாங்கு! பிடியைத் தாங்குவதால் தாங்கு. பிடிக்குள் தங்குவதாலும் தாங்கு. ஆங்கிலச் சொல்லே நம்மிடமிருந்து போனதுதான். விரிவாக மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், இன்றிரவு அனுப்புகிறேன்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:
ஐயா, அருள்கூர்ந்து அனுப்பாதீர்கள். அது வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியின் 'தாங்கி'யிலிருந்து வந்தது. கூர்முனை என்று பொருள்.

ஈசூனிலிருந்து:
தாங்கி! நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தெம்பனிஸிலிருந்து:
மலாய்க்காரர்கள் பாராங் என்னும் வெட்டுக்கத்தியின் இந்தப் பகுதியைப் 'பூத்திங்' என்கிறார்கள். முலைக்காம்புக்கும் அவர்களிடம் அதே சொல்தான். நாமும் 'காம்பு' என்றால் என்ன? சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன் அங்கே ஒரு பழைய பாராங் வாங்கினேன். பிடி கழன்றபோது பார்த்தால், உள்ளே இருந்தது சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. நுனி கூம்பி, அதைச் சுற்றி மரம் கருகியிருந்தது. பழுக்கக் காய்ச்சி இறக்கியிருக்கிறார்கள். அச்சு அசலாகக் காம்புதான்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:
அகப்பைக் காம்பு, குடைக்காம்பு என்கிறோமே, அங்கெல்லாம் காம்பு என்பது கைப்பிடியே அல்லவா? உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் ஒரே சொல்லால் சொன்னால் துணையுரை எதற்கு?

உட்லண்ட்ஸிலிருந்து:
இன்னொன்று. செஞ்சூட்டில் இருக்கும் அலகை எண்ணெயில் அமிழ்த்துகிறார். 'தோய்த்தல்' என்று போட்டுவிட்டேன். சரிதானே?

ஈசூனிலிருந்து:
புறநானூறு 21ஆம் பாட்டு இருக்கும்போது தோய்த்தல் எதற்கு? 'இரும்புண் நீரினும் மீட்டற்கு அரிது' என்கிறார் ஐயூர் மூலங்கிழார். காய்ந்த இரும்பு நீரை உண்கிறது. உண்ட நீர் திரும்பாது. 'உண்பித்தல்' என்று வையுங்கள்.

தெம்பனிஸிலிருந்து:
பாட்டு அழகு. ஆனால் இவருடைய இரும்பு எண்ணெயல்லவா உண்கிறது? பிறகு எளிதில் உடையும் தன்மையைக் குறைக்க 200 டிகிரி அளவில் அடுப்பில் வேறு வைப்பார்கள். அதற்குச் செரிமானம் என்று பெயர் வைப்பீர்களா?

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:
தோய்த்தலே இருக்கட்டும். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் டேங் என்பதையும் அப்படியே எழுதலாம்.

ஈசூனிலிருந்து:
காலத்துக்குப் பொருந்திய சொல்லைத்தான் அவர் ஏற்கச் சொன்னார். கண்ட சொல்லையும் அல்ல.

உட்லண்ட்ஸிலிருந்து:
நாளை வெள்ளி. இங்கே எழுதாமல் வாக்கு மட்டும் சொன்னவர்களையும் சேர்த்தால் காம்புக்கு ஐவர், தாங்குக்கு ஒருவர், டேங்குக்கு ஒருவர். பிடி முழுக்க வருவதை 'முழுக்காம்பு' என்றும், மெல்லியதாக உள்ளே செருகியதை 'செருகுகாம்பு' என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

செங்காங்கிலிருந்து:
தாமதமாகப் பார்த்தேன். நான் உயர்நிலைப்பள்ளி ஆசிரியை. முழுக்காம்பு என்றால் என் மாணவர்கள் வெற்றிலையைத்தான் நினைப்பார்கள். 'பிடித்தண்டு' என்றால் விளக்கமே வேண்டாம். அனுப்பியதை மாற்ற முடியாது என்றால், எனக்கு உடன்பாடில்லை என்பதையாவது பதிவு செய்யுங்கள்.