நகத்தவளை முட்டை பொரிஞ்சிருக்கு, தலைப்பிரட்டைக்கு என்ன தீனி, எந்தத் தண்ணி?

காட்பாடி_தொட்டி:
வணக்கம். கொளத்தூர்ல வாங்கிட்டு வந்த வெள்ளை நகத்தவளை ஜோடி ஒண்ணு எங்க வீட்ல இருக்கு. ஆப்பிரிக்க வகை, கடைசி வரைக்கும் தண்ணிக்குள்ளயே வாழும். ஐப்பசி மழை பிடிச்சதும் தொட்டித் தண்ணியைப் பாதி மாத்தினேன். அன்னிக்கு ராத்திரி ஆண் தவளை பெண்ணோட இடுப்பைப் பிடிச்சது, விடவே இல்லை. விடிஞ்சு பார்த்தா இலை, கண்ணாடி, ஃபில்டர் குழாய்னு எல்லா இடத்துலயும் கடுகளவு வெள்ளை முட்டை. பெருசுங்க அதையே தின்ன ஆரம்பிச்சதால, முட்டை ஒட்டின இலைங்களை மட்டும் கிள்ளி ஒரு பிளாஸ்டிக் டப்புல போட்டேன்.

இப்ப பொரிஞ்சு, டப்பு ஓரத்துல அசையாம ஒட்டிக்கிட்டுத் தொங்குது. மீன் குஞ்சுக்குப் போடுற தூளைப் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் தொடலை. நோயா? எட்டாவது படிக்கிற என் மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக் கூட கழட்டாம டப்பு பக்கத்துல உக்காந்துடுறா. எப்படியாவது பிழைக்க வைக்கணும். எங்களுக்கு கார்ப்பரேஷன் தண்ணியும் வருது, போரும் இருக்கு. எதை ஊத்தறது? ஃபில்டர் வைக்கலாமா?

தவளைவாத்தியார்:
அம்மா, நோய் இல்லை, பயப்படாதீர்கள். நான் குடியாத்தம் பக்கம் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் தவளையைப் பல ஆண்டுகள் வளர்த்திருக்கிறேன். புதிதாகப் பொரிந்த குஞ்சுக்குத் தலைக்கு அடியில் பசை சுரக்கும் ஒரு சுரப்பி உண்டு. அதைக் கொண்டு ஒட்டிக்கொள்ளும். வயிற்றில் முட்டையின் மஞ்சள்கரு மிச்சம் இருக்கிறவரை தீனி வேண்டியதில்லை. தானாக விட்டு நீந்தத் தொடங்கியபின் கொடுத்தால் போதும். போட்ட தூளை இன்றே ஒரு சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அழுகினால் அம்மோனியா ஏறும்.

தீனி விஷயத்தில்தான் முதல்முறை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் குஞ்சுகளை இழக்கிறார்கள். நம் ஊர்க் குட்டையில் பார்க்கிற தலைப்பிரட்டைக்கு வாயில் கெட்டியான அலகும் சின்னச் சின்னப் பல் வரிசையும் இருக்கும், பாசியைச் சுரண்டித் தின்னும். நகத்தவளைக் குஞ்சுக்கு அது கிடையாது. தண்ணீரை வாய்வழியாக இழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டி விழுங்குகிற பிராணி இது. அடியில் படிந்த தூள் அதன் வாய்க்குப் போகவே போகாது. பட்டினி கிடந்து சாகும், நாமோ தீனி போட்டோமே என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஸ்பைருலினா என்கிற நுண்பாசிப் பொடி வாங்குங்கள். ஒரு சிட்டிகையைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஒரு டம்ளர் தண்ணீரில் பிசைந்து பிழிந்தால் பச்சைச் சாறு வரும். டப்பின் அடி லேசாக மங்கித் தெரிகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தால் சாப்பிட்டிருக்கின்றன என்று பொருள், அப்போது மறுபடி கொடுக்கலாம். தெளியவில்லையென்றால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் ஒரு வாளி தொட்டித் தண்ணீரை வைத்துவிட்டால் அதுவே பச்சையாகும், அதைவிட நல்ல தீனி இல்லை. கொசு முட்டையிடாமல் வாளியைத் துணியால் கட்டிவையுங்கள்.

மோட்டார் ஃபில்டர் வேண்டவே வேண்டாம், உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். தலையைக் கீழே சாய்த்து, வால் நுனியை மட்டும் நடுக்கிக்கொண்டு நடுத்தண்ணீரில் நிற்பது இதன் வழக்கம். தண்ணீர் கொந்தளித்தால் அப்படி நின்று சாப்பிட முடியாது. மேலே வந்து காற்றும் குடிக்கும், ஆகவே மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே இடைவெளி விடுங்கள்.

பாலாற்றங்கரை:
அக்கா, தண்ணி பத்தி நான் சொல்றேன். கார்ப்பரேஷன் தண்ணில குளோரின் இருக்கும். வாய் அகலமான வாளில ஒரு நாள் திறந்து வச்சிட்டு ஊத்துங்க. அவசரம்னா மீன் கடைல ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும். போர்த் தண்ணி உப்பா இருந்தாலும் இந்தத் தவளை தாங்கும். ஆனா நான் இருக்கிறது ராணிப்பேட்டை. இந்தப் பக்கம் குரோமியக் கழிவு நிலத்தடித் தண்ணி வரைக்கும் இறங்கின இடங்க இருக்கு, அதனால தொட்டிக்கு போர்த் தண்ணியை நான் தொடுறதே இல்ல. ஆர்.ஓ. தண்ணியை மட்டும் ஊத்தாதீங்க, அதுல உப்புச் சத்தே இருக்காது.

முக்கியமா செப்புக் குடத்துல பிடிச்சு வச்ச தண்ணி வேணாம், தாமிரம் குஞ்சுங்களுக்கு விஷம். கொசுப்புழு ஒழிக்க வர்றவங்க சம்ப்ல மருந்து ஊத்திட்டுப் போனா அந்தத் தண்ணியும் ஆகாது. கொசுவத்தி, கொசு மிஷின் எதையும் அந்த ரூம்ல போடாதீங்க.

இப்ப மழைக்காலம், சூடு பிரச்சினை இல்ல. பங்குனி சித்திரைலதான் நம்ம வேலூர் வெயிலுக்கு நல்லா வளர்ந்த தவளையே சோர்ந்து போவும். தண்ணிச் சூடு இருபது, இருபத்திரண்டு டிகிரில இருந்தா அதுக்கு சொகம். டேபிள் ஃபேனைத் தண்ணி மேல படுற மாதிரி வச்சிக்கினு, சுத்தி ஈரச் சாக்கு போட்டா நல்லாவே இறங்கும். நம்ம ஊரு காத்துல ஈரம் கம்மி, அதனால அது இங்க நல்லா வேலை செய்யும்.

காட்பாடி_தொட்டி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சார், நீங்க சொன்ன மாதிரியே தலைகீழா நிக்குது! துணில பிழிஞ்சு ஊத்தினேன், சாயங்காலம் தண்ணி தெளிஞ்சிடுச்சு. கெளுத்திக்கு இருக்குற மாதிரி ரெண்டு மீசை முளைச்சிருக்கு. உள்ள குடல் சுருண்டு கிடக்கிறது கூடத் தெரியுது. மகள் லென்ஸ் வச்சுப் பார்த்து நோட்டுல வரையுறா.

ஆனா நூத்துக்கணக்குல இருக்கு. இவ்வளவையும் எப்படி? கால் எப்ப வரும், ஏறி உக்கார கல் ஏதாவது வைக்கணுமா? மிச்சம் இருக்கிறதைக் கோட்டை அகழில விட்டுடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்.

தவளைவாத்தியார்:
அம்மா, அகழியில் விடவே கூடாது. உங்கள் வீட்டுக்காரரிடம் நான் கேட்டுக்கொள்வதாகச் சொல்லுங்கள். 1930களில் கர்ப்பப் பரிசோதனைக்கு இந்தத் தவளைதான் பயன்பட்டது. கர்ப்பிணியின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியில் ஏற்றினால் ஒரு நாளுக்குள் முட்டையிடும். அதற்காகவே உலகமெங்கும் கப்பலேறிப் போனது. தப்பியதும் விட்டதுமாக இன்று கலிஃபோர்னியா, சிலி, பிரான்ஸ், சிசிலி நீர்நிலைகளில் குடியேறி அந்தந்த ஊர்த் தவளைக் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சையையும் உடலில் சுமக்கும், அதற்கு மட்டும் ஒன்றும் ஆகாது. கோட்டை அகழியிலும் ஏரிகளிலும் தண்ணீர்மேல் தத்தி ஓடுகிற நம் தவளைகள் இருக்கின்றன. அவை எங்கே போகும்?

இருபது லிட்டர் டப்புக்கு இருபது, முப்பது வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் வளர்ந்தால் குள்ளமாகவே நின்றுவிடும். மிச்சத்தைப் பெரிய தவளைகளின் தொட்டியில் விடுங்கள், தின்றுவிடும். மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் இயற்கையிலும் அதுதான் நடக்கிறது. அடுத்த முறை முட்டையாக இருக்கும்போதே வேண்டியதை மட்டும் எடுங்கள்.

கல் தேவையில்லை, இது கரையேறாத சாதி. பின்னங்கால் மெதுவாக வளரும். முன்னங்கால் திடீரென்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். மொத்தம் ஏறக்குறைய இரண்டு மாதம். முன்னங்கால் வந்தபின் மீசை சுருங்கும், வாய் அகலும், நீளக் குடல் குட்டையாகும். அந்தச் சமயத்தில் தின்னாது, வாலையே உள்ளிழுத்து உயிர் வாழும். அப்போது பச்சைச் சாறு ஊற்றினால் தண்ணீர்தான் கெடும். இத்தனை மாற்றத்துக்கும் காரணம் தைராய்டு சுரப்பு. குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தால் தலைப்பிரட்டை அவசர அவசரமாகத் தவளையாகிறது என்று 1912இல் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி காட்டினார். மகளின் நோட்டில் இன்னொன்றும் எழுதச் சொல்லுங்கள்: அவள் லென்ஸில் பார்க்கிற அதே குடலின் செல் கருவை முட்டைக்குள் வைத்து ஜான் கர்டன் என்ற விஞ்ஞானி முழுத் தவளையை உருவாக்கினார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வால் முழுக்க மறைந்ததும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு, நறுக்கிய மண்புழு கொடுங்கள். பெரியவற்றோடு உடனே சேர்க்காதீர்கள், விழுங்கிவிடும். மூடிக்கு மேல் ஒரு கல் வையுங்கள், குட்டித் தவளை சின்ன இடுக்கு கிடைத்தாலும் வெளியே குதித்து உலர்ந்துபோகும்.