பேஸ் கிதாரில் தந்தியைத் தொட்டாலும் அடங்காத இரைச்சல்: கிரவுண்டு கோளாறா, ஷீல்டிங் குறையா?

கேள்வி

வணக்கம். இரண்டு சிங்கிள் காயில் பிக்கப்புகளை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும், ஒற்றைக் கம்பிச்சுருள் உள்ள காந்த உணரிகள்) கொண்ட, பேட்டரி இல்லாத ஜாஸ் பேஸ் வகைக் கிதார் ஒன்றை வாசிக்கிறேன். ஆம்பில் செருகியவுடன் ‘ர்ர்ர்’ என்ற கூர்மையான இரைச்சலும் அதன் அடியில் தாழ்ந்த ரீங்காரமும் சேர்ந்தே கேட்கின்றன. கேபிளை மாற்றியும் பயனில்லை. அதே ஆம்பில் வேறொரு பேஸ் அமைதியாக இருக்கிறது. தந்திகளைத் தொட்டால் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் குமிழ்கள் பொருத்தப்பட்டுள்ள உலோகத் தகட்டில் விரலை வைத்தால் கூர்மையான இரைச்சல் பெருமளவு அடங்கிவிடுகிறது. உட்குழி முழுவதும் காப்பர் டேப் ஒட்டி ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) செய்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அதைச் செய்யலாமா, அல்லது அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

டேப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தந்திக்கும் தகட்டுக்கும் இடையே நீங்கள் கண்ட வேறுபாடே கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

சுற்றியுள்ள மின்கம்பிகள், விளக்குகள், டிம்மர்கள் ஆகியவற்றின் மின்புலத்தை நம் உடல் ஓர் ஆண்டெனாவைப் போல வாங்கிக்கொண்டு, அருகிலிருக்கும் பிக்கப்புக்கும் அதன் வயர்களுக்கும் கடத்துகிறது. அதனால்தான் தந்திகளைப் பிரிட்ஜ் (கிதாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) வழியாகக் கிரவுண்டுடன் (மின்சுற்றின் பொதுத் தரை இணைப்பு) இணைத்திருப்பார்கள். கை தந்தியில் பட்டதும் உடலும் கிரவுண்டோடு சேர்ந்துவிட, இரைச்சல் குறைகிறது. உங்கள் கிதாரில் தகட்டைத் தொட்டால் அடங்குகிறது என்றால் கிரவுண்டு அதுவரை ஒழுங்காக வந்திருக்கிறது. தந்தியைத் தொட்டும் மாறவில்லை என்றால் அங்கிருந்து பிரிட்ஜுக்குப் போகும் வயரில்தான் சிக்கல் இருக்கக்கூடும்.

ஆம்பிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, கிதார் பக்கத்து முனையை மட்டும் செருகியே வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மற்றொன்றை வெளியே இருக்கும் பிளக்கின் ஸ்லீவிலும் (கிரவுண்டோடு இணைந்த நீண்ட உலோகத் தண்டு) தொட்டுப் பாருங்கள். 1 அல்லது 2 ஓமுக்குள் காட்டினால் இணைப்பு நலம். எதுவும் காட்டாவிட்டால், அல்லது வயரை அசைக்கும்போது எண் துள்ளினால், பிரிட்ஜைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதே முறையில் ஒவ்வொரு குமிழுக்கு அடியிலும் இருக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) ஒவ்வொன்றின் முதுகையும் அளந்துவிடுங்கள். மேலே பளபளப்பாக இருந்தும் உள்ளே ஒட்டாத சால்டர் அங்கே அடிக்கடி காணக் கிடைக்கும்.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். இருப்பினும் காப்பர் டேப்பை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. பிரிட்ஜ் வயர் சரியான பிறகும், கையை எடுத்த நொடியில் இரைச்சல் திரும்ப வந்தால் அதற்கு ஏற்ற மருந்து ஷீல்டிங்தான். ஒட்டும் பசையும் மின்கடத்தும் வகையாக இருக்க வேண்டும், துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், மொத்தமும் ஓரிடத்திலாவது கிரவுண்டோடு இணைந்திருக்க வேண்டும். இணைக்காமல் விட்ட டேப்பால் ஒரு பயனும் இல்லை. மூடும்போது ஜாக்கின் டிப் முனை (ஒலிச் சைகையைக் கடத்தும் முனை) டேப்பில் உரசிவிட்டால் ஒலியே வராது; அந்த இடத்தில் சிறிது இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

தந்திகள் கிரவுண்டில் இருக்கின்றன என்றால், வாசிப்பவரின் கைகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன என்றே பொருள். ஆகவே ரீங்காரத்தைப் போக்குவதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எக்காரணம் கொண்டும் நீக்கவோ துண்டிக்கவோ கூடாது. அது உயிரோடு விளையாடுவது. கணினியையும் ஆம்பையும் ஒன்றாக இணைக்கும்போது மட்டும் ரீங்காரம் எழுந்தால் அது கிரவுண்டு லூப், அதாவது இரு கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து உருவாக்கும் வளையம். கிரவுண்டு லிஃப்ட் (சைகைக் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) வசதியுள்ள டிஐ பாக்ஸ் (கிதார் சைகையைப் பதிவுக் கருவிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) அதற்குப் போதும்.

இஎம்ஜி நிறுவனத்தின் ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும்) பிக்கப்புகள் பொருத்திய பேஸ் வைத்திருப்பவர்கள் பிரிட்ஜ் வயரைத் தேடிக் கலங்க வேண்டாம். அவற்றுக்குத் தந்திக் கிரவுண்டு தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

பிரிட்ஜுக்கும் ஸ்லீவுக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டவில்லை. பாட்கள் அனைத்தும் அரை ஓமுக்குள் இருந்தன. பிரிட்ஜைக் கழற்றியபோது, வயர் அறுந்திருக்கவில்லை என்றாலும், கறுத்துப்போன அதன் முனை வார்னிஷில் புதைந்து, பிரிட்ஜின் அடிப்பகுதியைத் தொடாமலே கிடந்தது. புதிதாக உறையை உரித்து, இழைகளை விசிறி போல விரித்து, பிரிட்ஜின் அடியையும் சற்றுச் சுரண்டிவிட்டு இறுக்கினேன். இப்போது தந்தியைத் தொட்டதும் கூர்மையான இரைச்சல் மறைந்துவிடுகிறது.

தாழ்ந்த ரீங்காரம் மட்டும் மீதமிருக்கிறது. இரண்டு வால்யூம்களும் முழுதாகத் திறந்திருக்கும்போது அது கேட்பதில்லை. ஒன்றைக் குறைத்தால் வந்துவிடுகிறது, நான் நின்ற இடத்திலேயே திரும்பினால் கூடவும் குறையவும் செய்கிறது. இன்னொரு கிரவுண்டு இணைப்பும் விட்டுப்போயிருக்குமோ?

மறுமொழி 3

விட்டுப்போகவில்லை. திரும்பினால் மாறுகிறது என்பதிலிருந்தே அது மின்புலத்தால் வருவதன்று, டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றின் காந்தப்புலத்தால் வருவது என்று தெரிகிறது. மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதற்கேற்ப அந்த அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் காயிலில் நேரடியாகத் தூண்டப்படுகின்றன. கிரவுண்டு இணைப்புகளை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் இது போகாது. காப்பர் டேப்பும் இதைத் தடுக்காது: 50 ஹெர்ட்ஸில் தாமிரத்துக்குள் காந்தப்புலம் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், காகித மெல்லிய தகடு அதற்கு ஒரு தடையே ஆகாது.

உங்கள் இரு பிக்கப்புகளும் எதிரெதிர் திசையில் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் எதிரெதிராக அமைந்தவை. அதனால் தந்தியின் ஒலி இரண்டிலும் ஒன்றுசேர்கிறது, ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அளவு சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும்; ஒரு வால்யூமைக் குறைத்தால் மீதி வெளியே தெரியும். 1957ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் வந்த ஸ்பிளிட் காயில் பிக்கப்பும் இதே உத்தியைத்தான் இரண்டு இரண்டு தந்திகளுக்கு ஒரு காயில் என்று பிரித்து ஒரே பிக்கப்புக்குள் செய்கிறது.

ஒரே பிக்கப்பை மட்டும் திறந்து வாசிப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், ஜாஸ் பேஸ் குழியில் அப்படியே பொருந்தும் ஸ்டேக்டு (இரு காயில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய) அல்லது ஸ்பிளிட் காயில் வகைப் பிக்கப்புகள் கிடைக்கின்றன. மேல் சுருதிகளின் தெளிவு சிலவற்றில் சற்று மங்கும் என்பது என் காதுக்குப் பட்டது. நானாக இருந்தால் ஒலிப்பதிவின்போது ஆம்பிலிருந்தும் கணினியிலிருந்தும் சற்று விலகி உட்கார்ந்து, ரீங்காரம் மிகக் குறையும் கோணத்தைத் தேடிக்கொண்டு, பழைய பிக்கப்புகளையே வைத்திருப்பேன்.